பொறுப்புத் தந்தையும் பத்துக்குப் பத்தும்

இந்தக் கதையில் ஒரு ஆள் நன்றாக ஏமாறுகிறான். தான் ஏமாந்தது புரிகிற நேரத்தில் அவன் முகம் போகிற போக்கு இருக்கிறதே, வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் இப்போதே சிரித்துவிட முடியாது. சர்க்கார் விஷயம். முதலில் உத்தரவைப் படிக்க வேண்டும், பிறகு அதைப் பல பேர் புரிந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும், சிரிப்பெல்லாம் அதற்கப்புறம். அவசரக்காரர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

உத்தரவு பின்வருமாறு:

"இளைஞரிடையே உடல்வலிமையும், தந்தையரிடையே அதைக் கண்டு பூரிக்கும் வழக்கமும் குன்றி வருவது அரசின் கவனத்துக்கு வந்துள்ளது. எனவே, கூடைப்பந்து ஆடும் மகன் ஒருவனையும், அவனைக் கண்டு பூரிக்கும் தந்தை ஒருவரையும் கொண்டு, குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் ஒன்றின் படப்பிடிப்பு மார்ச் 31-க்குள் முடிக்கப்படல் வேண்டும். தந்தை தூய வெள்ளை ஆடையும் மூக்குக்கண்ணாடியும் அணிந்தவராக இருத்தல் நலம். பூரிப்பு தெளிவாகத் தெரிதல் வேண்டும்."

இப்படிக்கு, குடும்ப நன்முறைப் பிரசார இலாகா. வருஷம் 1959. அகர வரிசைப்படி அரக்கோணத்தைத்தான் முதலில் கேட்டார்களாம். எங்களுக்கு நேரமில்லை என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அடுத்து வந்தது ஆம்பூர். அப்படித்தான் உதவிப் பிரசார அலுவலர் திரு. சம்பந்தம் அவர்களும், தலைமை எழுத்தர் திரு. கோவிந்தசாமி அவர்களும், மூன்று கால் ஸ்டாண்டு போட்ட ஒரு கேமராவும் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து இறங்கினார்கள்.

மகன் கிடைப்பதில் சிரமம் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே உயரமானவன் நான்தான். ஆறடிக்கு ஒரு அங்குலம் கம்மி. பெயர் காசி. சம்பந்தம் சார் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, கோவிந்தசாமியிடம், "மகன் ஒன்று. பெற்றுக்கொள்ளப்பட்டது. எழுதிக்கோய்யா," என்றார்.

தந்தை கிடைப்பதில்தான் பேஜார்.

என் அப்பா பச்சையப்பன் டேனரியில் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோல் கடைசியாக அவர் மேஜைக்குத்தான் வரும். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு. உடனே தோலின் முதுகில் நீல மையில் ஒரு முத்திரை விழும். ஒன்று, இரண்டு, மூன்று. எதற்கும் ஆகாத தோலுக்குப் பெருக்கல் குறி. அவர் போட்ட முத்திரையை முதலாளியும் மாற்ற மாட்டார், கப்பலில் வாங்குகிற வெள்ளைக்காரனும் மாற்ற மாட்டான். அதனாலோ என்னவோ, அப்பாவுக்குப் பேச்சு கம்மி. முத்திரைதான் பேச்சு.

எனக்கு மெட்ராஸ் போய் உடற்பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டும். டிரில் மாஸ்டர் விண்ணப்பமே வாங்கிக் கொடுத்துவிட்டார். அதன் அடியில் 'தந்தையின் கையொப்பம்' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டை அப்பா முன்னால் நீட்டினேன்.

"பார்க்காத தோலுக்கு நான் இதுவரைக்கும் முத்திரை போட்டதில்ல," என்றார்.

"அப்ப வந்து பாருங்க."

"எப்ப வர்றது? நீங்க ஆடறது நாலரைக்கு. எனக்கு டேனரி ஷெட்டுல வேலை முடியறது ஆறரைக்கு."

வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவுதான். அந்த வருஷம் கப்பல் அவசரம் என்று அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என்னைக்காவது ஒரு நாள் பார்க்கிறேன். ஒண்ணாம் தரம்னா மெட்ராஸ் போ. ரெண்டுன்னா இன்னும் ஒரு வருஷம் ஆடு, பார்க்கலாம். மூணுன்னா ஜூன் ஒண்ணாந்தேதி என்கூட ஷெட்டுக்கு வா."

என் பிழைப்பே அந்தப் பார்வையில் இருந்தது. ஆகவே சர்க்கார் தந்தை தேடி வந்ததும் நான் துள்ளிக் குதித்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் வீட்டில் ஒரு தந்தை சும்மா இருக்கிறாரே என்று சம்பந்தம் சாரிடம் ஓடினேன்.

"உங்கப்பா என்ன உத்தியோகம்?"

"டேனரியில, சார்."

சம்பந்தம் சார் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அப்பா அங்கே இல்லை, அரை மைலுக்கு அப்பால் இருந்தார். இருந்தும் வைத்துக்கொண்டார்.

"வாடை வருமேப்பா."

"படத்துல வாடை தெரியாதே, சார்."

"படத்தில் தெரியாது. கோப்பில் தெரியும்," என்றார்.

மறுநாள் காலை கோவிந்தசாமி வெள்ளை வேட்டியும் இரவல் மூக்குக்கண்ணாடியுமாக வந்து நின்றார். நிரந்தரத் தந்தை நியமிக்கப்படும் வரை, தமது பணிகளுக்குக் கூடுதலாகத் தந்தைப் பணியையும் கவனித்துக்கொள்ளும்படி அவருக்கு உத்தரவாகியிருந்தது. பதவியின் பெயர், பொறுப்புத் தந்தை.

"மகனே," என்றார் என்னைப் பார்த்து. குரலில் ஒரு ரசீது கேட்கிற தொனி.

"கூப்பிட்டீங்களா, சார்?"

"சார் இல்லை. அப்பா. அலுவலக நேரத்தில் மட்டும்."

எங்கள் டீமில் ரஃபி அகமது எனக்கு உயிர்த் தோஸ்த். அவன் வாப்பாவுக்குத் தோல் மண்டி. மண்டியில் டெலிபோன் உண்டு. எனக்கோ யார் குரல் வேண்டுமானாலும் வரும். டிரில் மாஸ்டர் குரலில் வகுப்பைக் கலைத்திருக்கிறேன், மண்டிக் கணக்கப்பிள்ளை குரலில் ரஃபியின் வாப்பாவையே சாப்பிட வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆக, வழி கண்ணெதிரே இருந்தது: சம்பந்தம் சாரின் இலாகாவுக்கு மெட்ராஸில் ஒரு டைரக்டர் இருப்பாரே.

டெலிபோன் வசதிக்காக, வாடையைப் பொறுத்துக்கொண்டு, சம்பந்தம் சாரின் முகாம் அலுவலகம் டேனரி மேனேஜர் ஆபித் பாஷாவின் அறையில். அந்த நம்பரைக் கேட்டு வாங்கினோம். ரஃபி டெலிபோன் வாயில் ஈரத் துண்டைப் போர்த்தி, பக்கத்தில் நின்று பழைய காகிதத்தைக் கசக்கினான். மெட்ராஸ் லைன் என்றால் அந்தக் கரகரப்பு இருக்க வேண்டும். முதலில் நான் எக்ஸ்சேஞ்சு ஆள் மாதிரி மூக்கால், "ட்ரங்க் கால், லைன்ல இருங்க." பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல்.

"மிஸ்டர் சம்பந்தம்? டைரக்டர் பேசறேன்."

அந்தப் பக்கம் மூன்று மூச்சு நேரம் சத்தமே இல்லை. பயத்தில் ஆள் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு மிகவும் மரியாதையாக, "உத்தரவு, ஐயா," என்று வந்தது.

"அசல் தந்தை உள்ளூர்ல இருக்கறப்ப பொறுப்புத் தந்தை எதுக்கு, மேன்?"

"அசலுக்கு வாடை, ஐயா."

"என்ன வாடை? இந்த ஜில்லாவே அந்த வாடையிலதானே சோறு திங்குது. பையனோட அப்பாவையே போடு. டெய்லி நாலு மணிக்கு டேனரியிலேர்ந்து அனுப்பச் சொல்லி லெட்டர் குடு. பூரிக்கிற வரைக்கும் வரட்டும்."

"எழுத்து மூலமாக ஐயா அனுப்புவீர்களா?"

"வாய்மொழி ஆணை. குறிச்சுக்கோ."

"குறித்துக்கொண்டேன், ஐயா. தேதி, நேரம், ஐயா இருமியது எல்லாம் குறித்துக்கொண்டேன்."

ரஃபி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு மண்டித் தரையில் உருண்டான். நான் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பெரிய பதவியில் இருக்கிறவர்கள் சிரிக்கக் கூடாது.

மறுநாள் நாலு மணிக்கு அப்பா வந்தார். ஆபித் பாஷாவே கொண்டுவந்து விட்டார். அவர் கையில் சர்க்கார் கடிதம். "பச்சையப்பன் இல்லாம நாலு மணிக்கு மேல தோல் மலையாக் கிடக்குது. சீக்கிரம் பூரிக்க வைச்சு அனுப்புங்க சாப்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஷெட்டிலிருந்து நேராக வந்ததால் முத்திரைக் கட்டைகளும் மை டப்பியும் மடியிலேயே இருந்தன. கேமராப் பெட்டியைப் பார்த்ததும் வழக்கம்போல் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார்.

"தோல்னு சொல்லி வித்தானா, சார்?"

"முதல்தரத் தோல். ரசீது இருக்கிறது," என்றார் சம்பந்தம் சார்.

"துணியில பூச்சு," என்று சொல்லிவிட்டு, பெட்டியின் அடியில் பெருக்கல் குறி வைத்தார். சர்க்கார் சொத்தில் அனுமதியின்றி முத்திரையா என்று கோவிந்தசாமி பதறினார். முத்திரை என்று ஒன்று விழுந்த பிறகு அதை அழிக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று சம்பந்தம் சார் விதியைக் காட்டி அவரை அடக்கினார். பதவி இழந்த கோவிந்தசாமிக்குப் 'பூரிப்பு மேற்பார்வையாளர்' என்று வேறு பதவி கொடுக்கப்பட்டது.

படப்பிடிப்பு தொடங்கியது. கதைப்படி மகன் தொடர்ந்து பத்து முறை பந்தைக் கூடையில் போட வேண்டும். நான் பத்துக்கு ஐந்து போட்டேன்.

"கதையில் பத்து என்று இருக்கிறது," என்றார் சம்பந்தம் சார்.

"ஆட்டத்துல அஞ்சுதான் சார் விழுது."

"கதையை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. வளையத்தைக் கீழே இறக்கு."

வளையத்தை இறக்கத் தலைமையாசிரியர், தாளாளர், கம்பம் நட்ட காண்டிராக்டர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று டிரில் மாஸ்டர் சொன்னார். சம்பந்தம் சார் வளையத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி வளையத்தைப் பார்த்தார்.

"வளையம் இறங்கக் கூடாது, அவ்வளவுதானே? தரை ஏறலாமே. தரை ஏறக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை."

டேனரியில் தோல் பதனிட்டுச் சாறு இறங்கின ஆவாரம்பட்டைச் சக்கை மலை மலையாகக் கிடக்கும். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இருப்பார்கள். எட்டு வண்டி கொண்டுவந்து கொட்டினார்கள். மைதானத்தின் கிழக்கு வளையத்துக்குக் கீழே தரை இரண்டரை அடி உயர்ந்தது. கையை நீட்டினால் வளையம் விரலில் பட்டது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். சக்கையில் விழுந்த பந்து, மெத்தையில் விழுந்த மாமனார் மாதிரி, எழுந்திருக்கவேயில்லை.

"பந்து எகிற மாட்டேங்குது, சார்."

"எதற்கு எகிற வேண்டும்?"

"தட்டிக்கிட்டேதான் ஓடணும், சார். அதான் ரூல்."

"கையில் இருக்கிற பந்தைத் தரையில் தட்டுவது, திரும்ப வாங்குவது, மறுபடி தட்டுவது. வீண் தாமதம். இந்த மாதிரி விஷயத்தைக் குறைக்கத்தான் நம் இலாகாவே இருக்கிறது. கையில் எடுத்துக்கொண்டு ஓடு."

ஓடினேன். போட்டேன். பத்துக்குப் பத்து. மறுபடி, பத்துக்குப் பத்து. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து. சின்னப் பையன்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் பந்தைத் தட்டாமல் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். அதுதான் மெட்ராஸ் ஸ்டைல் என்று ஊருக்குள் பேச்சு. என் மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதும் கூடவே பரவியது. சக்கையில் நடந்து நடந்து எனக்கே ஒரு கித்தாப்பு நடை வந்துவிட்டது.

மேற்கு வளையத்தை யாரும் தொடவில்லை. அது பழையபடி பத்தடி உயரத்தில், கட்டாந்தரைக்கு மேலே இருந்தது. கேமராவுக்கு ஓய்வு கொடுக்கிற நேரத்திலெல்லாம் ரஃபி அங்கே நின்று கூப்பிடுவான்.

"வாடா காசி, நாலு பந்து போடு. கை மறந்துடும்."

"பத்துக்குப் பத்து போடறவனுக்கு இன்னாடா ப்ராக்டீஸு?"

அவன் தொந்தரவுக்காகப் போய்ச் சும்மா எறிவேன். முதல் நாலு நாள் பத்துக்கு ஐந்து விழுந்தது. அடுத்த நாலு நாள் மூன்று. பிறகு ஒன்றோ இரண்டோ. கேமரா இல்லாத பக்கத்தில் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன.

அப்பாவிடம் ஒரு குறைதான். நாற்காலியைக் கேமரா பக்கம் போட்டு உட்காரவைத்தால், கொஞ்ச நேரத்தில் மேற்கே திரும்பி உட்கார்ந்திருப்பார். கோவிந்தசாமி ஓடிவந்து நாற்காலியோடு அவரைத் திருப்புவார்.

"இந்தப் பக்கம் பூரிக்கணுங்க. அந்தப் பக்கம் பூரிச்சா கணக்கில் வராது."

"வெளிச்சம் அந்தப் பக்கந்தான் நல்லா இருக்குது," என்பார் அப்பா.

"பையன் பத்துப் போட்டுட்டான். கை தட்டுங்க."

"யாரு போட்டது? சக்கை போட்டது."

இதைச் சொன்னபோது நான் வளையத்தில் கையைக் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பத்துக்குப் பத்தை நேரில் பார்த்த மனிதர், வாய் விட்டுப் பாராட்டத் தெரியாமல் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். பதினைந்து நாள் வந்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அப்பா என் ஆட்டத்தைப் பார்க்கவென்றே வருகிறார் என்பதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவில்லை. பார்க்கவைத்தது யார்? டைரக்டர். டைரக்டர் யார்? நான்.

மார்ச் முப்பத்தொன்று. கடைசிக் காட்சி. தந்தை எல்லோரையும் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். தட்ட மாட்டேன் என்று பதினைந்து நாளாக மறுத்தவர், அன்றைக்கு மறுக்கவேயில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு, மடியில் கையை விட்டுத் துழாவிவிட்டு எழுந்தார். முதலில் எனக்கு. முதுகில் உள்ளங்கை பதிந்து ஒரு அழுத்து. பிறகு, சொல்லாமலேயே, கோவிந்தசாமிக்கு ஒன்று. சம்பந்தம் சாருக்கு ஒன்று. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரில் மாஸ்டரைக் கிட்டக் கூப்பிட்டு அவருக்கும் ஒன்று. எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது.

"பூரிப்பு கிடைத்துவிட்டது," என்று கோவிந்தசாமி எழுதினார்.

அப்பா ஷெட்டுக்குப் போகாமல் வீட்டுக்கே போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சம்பந்தம் சார் வேலூர் பஸ்ஸுக்காகக் கேமராப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை இனி அடக்க முடியாது. பக்கத்தில் போய் ஒரு இருமல் இருமி, "மிஸ்டர் சம்பந்தம், டைரக்டர் பேசறேன்," என்றேன்.

அவர் திடுக்கிடவில்லை. கொட்டாவி விட்டார்.

"நேரில் கேட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது, தம்பி."

"சார்?"

"டைரக்டர் பதவி இரண்டு வருஷமாகக் காலி. இரண்டு பேர் கேஸ் போட்டிருக்கிறார்கள்."

"அப்ப அன்னைக்கே தெரியுமா?"

"மூன்று மூச்சு யோசித்தேன். இருக்கிற டைரக்டர் ஒரு உத்தரவு போட்டால், நாளைக்கு நான் சொல்லவேயில்லை என்று சொல்லிவிடுவார். இல்லாத டைரக்டர் எப்படி இல்லை என்பார்? என் இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு பத்திரமான உத்தரவு எனக்கு வந்ததில்லை. எட்டு வண்டி சக்கைகூட உன் ஆணைப்படிதான் கொட்டப்பட்டிருக்கிறது."

எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. பேச்சை மாற்றினேன். "படம் எப்ப சார் வரும்?"

"படப்பிடிப்பு முடிந்துவிட்டது. படச்சுருளுக்குத்தான் இன்னும் அனுமதி வரவில்லை."

"அப்ப கேமராவுக்குள்ள?"

"கேமரா ஒரு கோப்பு, சுருள் ஒரு கோப்பு. படப்பிடிப்பை மார்ச்சுக்குள் முடிக்கச் சொன்னார்கள், முடித்தாயிற்று. சுருளைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை இருந்தால் காட்டு."

பஸ் வந்தது. போகட்டும், படம் போனால் போகிறது. அப்பா பார்த்துவிட்டார், அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போது சம்பந்தம் சார் முன்னால் ஏறினார், பின்னால் கோவிந்தசாமி ஏறினார். இரண்டு பேர் முதுகிலும், வெள்ளைச் சட்டையில், நீல மையில், பளிச்சென்று ஒவ்வொரு பெருக்கல் குறி.

நான் சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. எதற்கும் ஆகாத தோல். அப்பாவா இது? பேசாத மனுஷனுக்குள் இவ்வளவு குறும்பா? டிரில் மாஸ்டர் முதுகில் என்ன இருக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை சிரித்தேன்.

பஜார் வழியாக வீட்டுக்கு நடந்தேன். இளநீர்க் கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்தேன். எனக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். ஆபித் பாஷா சைக்கிளை நிறுத்தி இறங்கி, "காசி, முபாரக். ஜூன்ல பார்க்கலாம்," என்று வாழ்த்துச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, எல்லோரும் சம்பந்தம் சாரை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. காலரை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். சம்பந்தம் சார் பஸ் ஏறினதை நடித்துக் காட்டினேன். பெருக்கல் குறியைக் காற்றில் போட்டுக் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அதுதான் சமயம் என்று விண்ணப்பத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"பதினஞ்சு நாளா பார்த்துட்டீங்க. போடுங்கப்பா."

"போட்டாச்சே," என்றார்.

காகிதத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'தந்தையின் கையொப்பம்' கோடு காலியாக இருந்தது.

"எங்கப்பா?"

அவர் மோருக்குக் கையை நீட்டினார். அம்மாதான் சொன்னாள்: "சட்டையைக் கழட்டுடா. ஊற வைக்கணும். அந்த மை லேசுல போவாது."

கழற்றினேன். திருப்பினேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்பா மையில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர் இல்லை. ஓரம்கூடக் கலையாமல், நட்ட நடுவில், நேராக விழுந்திருந்தது.

மூணு.